அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி

1

வரி அலுவலகத்துக்கான படிவம் ஒன்று காஞ்சிபுரம் போய், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, ஜெர்மனிக்குத் திரும்பி வர ஏழு வாரம் பிடித்தது. எனக்கு விசா கிடைக்கக்கூட அவ்வளவு நாள் ஆகவில்லை.

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும், கல்லூரியில் படிக்கும் தங்கை கற்பகத்துக்கும் நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். சொந்த ஊரில் பெற்றவர்களைக் காப்பாற்றுகிறவனுக்கு இந்த நாட்டு வரியில் கொஞ்சம் சலுகை உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்பவர் சொன்னார். உண்டுதான், ஆனால் சும்மா கிடைக்காது. அம்மாவுக்கு வீடு உண்டா, நிலம் உண்டா, அந்த வீட்டில் வேறு யாராவது சம்பாதிக்கிறார்களா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். அத்தனைக்கும் அந்த ஊர் அதிகாரி பதில் எழுதி முத்திரை குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் மகன் அம்மாவுக்குப் பணம் அனுப்புவதற்கு யாரும் சாட்சி கேட்பதில்லை என்று அலுவலகத்துப் பெண்மணியிடம் என் ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். பேச்சு வேகத்தில் 'நீங்கள்' வர வேண்டிய இடத்தில் 'நீ' வந்து விழுந்துவிட்டது. எட்டு வருடம் ஆகியும் கோபம் வந்தால் எனக்கு இந்த மரியாதை விகுதிகள் கைகொடுப்பதில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

அம்மா தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தாள். ஒரு நாள் கிளார்க் லீவு, ஒரு நாள் முத்திரை பீரோவில், பீரோ சாவி வேறொருவரிடம். கடைசியில் ஒரு புண்ணியவான் அவளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டு, பதிலை அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். மனிதர் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. நம் அலுவலகங்களில் இப்படி ஒருவர் அகப்பட்டது என் நேரம்தான்.

வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ற வரிசையில் இப்படி எழுதியிருந்தது: கற்பகம், மகள், எம்.சி.ஏ. மாணவி. பட்டுச் சேலை டிசைன் சென்டரில் பகுதி நேர வேலை, ஜனவரி முதல். வருமானம் சொந்தக் கல்லூரிக் கட்டணத்துக்கு.

சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். கற்பகத்தின் ஃபீஸை நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நான் இன்னும் இருப்பதற்கு வேறு காரணம் கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது.

2

என் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கும் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் சாய ஆய்வுக்கூடத்தில் போன வருடம் எல்லோருக்கும் வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள். சம்பளமும் பாதி. என் மனைவி மலர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவள் சம்பளம் வாடகைக்குப் போய்விடும். கற்பகம் எம்.சி.ஏ. சேர்ந்ததும் அதே வருடம்தான். ஊருக்குப் பாதிச் சம்பளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் ஒரு கைவண்டி நிறைய விளம்பரத் தாள்களை ஏற்றிக்கொண்டு, பதினோரு தெருவில் வீடு வீடாகத் தபால் பெட்டியில் போடுகிறேன். இந்த வாரம் பன்றி இறைச்சி மலிவு, அடுத்த வாரம் தோட்டத்து நாற்காலி மலிவு என்று ஊருக்கெல்லாம் தெரிவிக்கும் பொறுப்பு என்னுடையது.

இங்கே இது மாணவர்கள் செய்கிற வேலை. தாள் கட்டுகளை வாங்க வரிசையில் நிற்கும்போது பார்த்தால் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள்; முப்பது தாண்டியவன் நான் ஒருவன். பக்கத்துத் தெருக்களுக்குப் போடுகிற யூலியா என்ற பெண்ணின் அப்பா பல் டாக்டர். அவர் நினைத்தால் அவள் படிப்பை உட்கார்ந்த இடத்தில் கட்டிவிடலாம். ஆனாலும் இவள் சனிக்கிழமை தாள் போடுகிறாள், ஞாயிறு ரொட்டிக் கடையில் நிற்கிறாள். அப்பாவுக்கு வருத்தம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.

நான் எதற்காகத் தாள் போடுகிறேன் என்று அவள் கேட்டாள். தங்கையின் படிப்புக்கு என்றேன். அன்றைக்கு நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

நான் இங்கே தமிழ் பேசுவது மலரிடம் மட்டும். அவளும் இரண்டு ஷிப்டுக்கு நடுவில்தான் அகப்படுவாள். ஏழு வயது மகள் மீனா, நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். ஊருக்குப் போன் போட்டால் மட்டும், பாட்டியும் அத்தையும் கெஞ்சுவார்கள் என்பதால், நாலு தமிழ்ச் சொல்லை எடுத்து வெளியே வைப்பாள். அதில் எல்லாச் சொல்லும் இருக்கும், சேர்க்கிற விகுதி மட்டும் இருக்காது. போன பொங்கலுக்கு அவளையும் அத்தையையும் பேசவிட்டுவிட்டு நான் மழையில் வண்டி தள்ளப் போனேன். அன்றைக்கும் சனிக்கிழமைதான்.

3

தொண்ணூற்று இரண்டில் நான் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: படிக்கிறவன் தறி வேலை எதையும் தொடக் கூடாது. சட்டம் போட்டது நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கூலி நெசவு. முதலாளி பட்டும் சரிகையும் கொடுப்பார், இவர் சேலையாக்கித் திருப்பிக் கொடுப்பார். என் சினேகிதர்களில் பாதிப்பேர் காலேஜ் விட்டதும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்த்தான் பரீட்சை ஃபீஸ் கட்டினார்கள். ஒருவன் கோயில் வாசலில் வெளியூர்க்காரர்களைப் பிடித்துப் பட்டுக் கடைக்கு அழைத்துப்போவான், ஒருவன் டியூஷன் எடுப்பான். நானும் ஏதாவது செய்கிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தேன். நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"உன் ஃபீஸ நீயே கட்டிக்கினா, அப்புறம் நான் எதுக்குடா?"

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

ஆனால் ஆய்வுக்கூடக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, பரீட்சை ஃபீஸ் என்று செலவு அவர் கூலியைத் தாண்டிக்கொண்டே போனது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு பொய் சொன்னேன். நல்ல மார்க் வாங்குகிற பையன்களுக்கு அரசாங்கம் பாதி கட்டணத்தைக் கொடுக்கிறது, எனக்கும் கிடைத்துவிட்டது என்றேன். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி, "பையனுக்கு கவர்மெண்ட்டே பாதி குடுக்குதுபா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த கவர்மெண்ட் நான்தான். நாலு தெரு தள்ளி அட்டை அடிக்கிற ராஜவேலு என்பவரிடம் சாயங்காலங்களில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லைப்ரரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வது.

அட்டை அடிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சேலைக் கரையில் அன்னம், மாங்காய், மயில் என்று வருகிறதே, அதை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். தாளின் ஒவ்வொரு வரிக்கும் நீளமான ஒரு அட்டை. வரியில் எந்தக் கட்டத்தில் நிறம் இருக்கிறதோ, அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை குத்த வேண்டும். எல்லா அட்டையையும் வரிசையாக நூலில் கோத்துத் தறிக்கு மேலே மாட்டிவிட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. கரையில் அன்னம் விழும். அட்டைகள் சுற்றிச் சுற்றி வரும், அன்னமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கண்ணும் கையும் ஒத்துப்போனால் போதும், பெரிய வித்தை இல்லை. எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது.

ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட வேண்டும். நான் ஏழு எழுதும்போது நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவேன். கல்லூரியில் ஒரு வாத்தியாரைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். தெருவிலேயே அப்படி எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று கொஞ்சம் பெருமையும் உண்டு. இங்கே ஜெர்மனியில் குழந்தைகூட ஏழாம் எண்ணை அப்படித்தான் எழுதுகிறது.

4

இரண்டாம் வருடம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அடித்த ஒரு அன்னக் கரையில் தப்பு செய்துவிட்டேன். ஒரு அட்டையில் வேண்டாத இடத்தில் ஒரு ஓட்டை. அடிக்கும்போது எனக்கே தெரியாது.

அட்டையில் ஒரு ஓட்டை தப்பினால் தறியில் அது ஒரு தப்பாக நிற்காது. அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி கூடுதலாக விழும், மறு சுற்றில் அடுத்த அன்னத்துக்கும் விழும், சேலை முழுக்க அத்தனை அன்னத்துக்கும் அதே இடத்தில் மச்சம் முளைக்கும். முதலாளி கண்ணில் பட்டால் நெசவாளிக்குக் கூலி பிடிப்பார். அட்டை அடித்தவனுக்கு வேலை போகும். அட்டை அடித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. அது எந்தத் தறிக்குப் போகிறது என்பது முதலாளி சமாச்சாரம்.

அந்த அட்டைக் கட்டு போனது எங்கள் வீட்டுத் தறிக்கு. அன்னக் கரைகள் எத்தனையோ உண்டு, நைனா தறியில் ஓடுவது நான் அடித்ததுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டத்துக்குப் பயந்து நானும் தறிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து, நூல் அறுந்துபோன ஒரு அட்டைக் கட்டு ராஜவேலு பட்டறைக்குத் திரும்பி வந்தது. அதைப் பிரித்து மறுபடி கோக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எண் பார்த்து அடுக்கிக்கொண்டு வந்தபோது நாற்பத்தேழாம் அட்டை கொஞ்சம் கனமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு ஓட்டையின் மேல் சின்னத் துண்டு ஒட்டியிருந்தது. சோற்றுப் பசை தடவி, ஓரத்தில் பிசிறு இல்லாமல் நறுக்கி, பக்கத்து ஓட்டைகளை மறைக்காமல் ஒட்டிய துண்டு. பழுப்பு நிறம். அதில் 'ரெக்கா' என்று அச்செழுத்து பாதியில் நின்றது.

என் பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் மேலட்டை அது. கொஞ்ச நாளாக வீட்டில் அந்த நோட்டின் மூலையில் ஒரு துண்டு இல்லை. எலி கடித்தது என்று நினைத்திருந்தேன். துண்டுக்குப் பக்கத்திலேயே பென்சிலில் என் குறுக்குக் கோட்டு ஏழு.

அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னப்பா, கட்டு சரியா இருக்குதா என்று ராஜவேலு கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கோத்து முடித்தேன்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. இன்றைக்குக் கேட்டுவிடுவார், இல்லை, நானே காலில் விழுந்துவிட வேண்டும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். தெருமுனைக் குழாயடியில் நைனா பக்கத்து வீட்டுக்காரரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரிடம் சொன்னார்:

"நம்ம பையன்தான்பா. கவர்மெண்ட்டு பாதி குடுக்குது, மீதி நான் கட்றேன்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அதன் பிறகு நான் படிப்பை முடிக்கும்வரை அவர் பாதி கொடுத்தார், நான் பாதி கட்டினேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் துண்டை எனக்குத் தெரியட்டும் என்றுதான் என் நோட்டிலிருந்து நறுக்கினாரா, கைக்கு அகப்பட்டதை எடுத்தாரா என்பது இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். நாலு வருடத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனபோது என் பாஸ்போர்ட் குடியிருப்பு அனுமதி நீட்டிப்புக்காக இங்கே ஒரு அலுவலகத்தில் இருந்தது. அதை மீட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினோராம் நாள்.

5

படிவம் வந்த மறுநாள், கற்பகம் கல்லூரியில் இருக்கும் நேரம் பார்த்து, காலிங் கார்டைச் சுரண்டி அம்மாவுக்குப் போன் போட்டேன். படிவம் வந்தது என்றேன். நல்லா எழுதினாராப்பா அந்தத் தம்பி என்று கேட்டாள். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறார், கற்பகம் வேலைக்குப் போவதையும் எழுதியிருக்கிறார் என்றேன்.

உன் தங்கச்சி என்னைக் கொன்னே போடுவா என்றாள். அந்த கிளார்க் பதவிசாகக் கேட்டானாம், அம்மாவும் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டாளாம்.

எல்லாம் பொங்கலன்று ஆரம்பித்திருக்கிறது. அப்பா எங்கே என்று கற்பகம் கேட்க, மீனா தன் தமிழில், "அப்பா பேப்பர் வண்டி. மழை. எல்லா வீடு போடு" என்றிருக்கிறாள். எதற்கு என்று இவள் கேட்க, "அத்தைக்கு ஸ்கூல் காசு" என்றிருக்கிறாள். இங்கே வளர்கிற பிள்ளைக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தெரியாது. கேட்டார்கள், சொன்னது.

"அன்னிக்கெல்லாம் அழுதுக்கினே இருந்தாபா," என்றாள் அம்மா. "அடுத்த வாரமே போயி டிசைன் சென்டர்ல சேர்ந்துட்டா. காலேஜ் வுட்டு வந்து கம்ப்யூட்டர்ல கரை போட்டுக்கினு இருக்குறா. நீ அனுப்புறதுல வூட்டுச் செலவு போக மீதியத் தொடறதில்ல. மீனாவுக்குன்னு போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வெச்சிருக்குறா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டு வருடமாக இங்கே யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, இன்றைக்கே அவளைக் கேட்டுவிடுகிறேன் என்று கத்தினேன். நான் ஓய்ந்த பிறகு அம்மா சொன்னாள்:

"நீ அட்டை அடிக்கப் போனப்போ உங்க நைனா உன்னக் கேட்டாரா?"

அம்மாவுக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்னம் ஒன்றுக்குக் கழுத்தில் புள்ளி விழுந்ததும் நைனா தறியை நிறுத்திவிட்டு அட்டையைத் தேடி எடுத்தாராம். நெய்ததைப் பிரிக்க அரை நாள் ஆனதாம். முதலாளியிடம் சொல்லி வேறு அட்டை கேளுங்கள் என்று அம்மா சொன்னதற்கு, சும்மா இரு, பையன் கஷ்டப்பட்டு அடிச்சிருக்கான் என்றாராம். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். இதை அவள் பதிமூன்று வருடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

கார்டில் நேரம் முடிந்து போன் தானாக நின்றது.

மலர் வேலைக்குப் போயிருந்தாள், மீனா பள்ளிக்கூடத்தில். வீடு அமைதியாக இருந்தது. அப்புறம் நான் எதுக்கு என்று அன்றைக்கு நைனா கேட்ட கேள்வியை என் சமையலறையில் நின்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அதைத் தாங்க முடியவில்லை என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. கற்பகம் செய்தது எனக்காகத்தான். அது தெரிந்தும் வலித்தது. அவளுக்கு என் பணம் தேவையில்லை என்றால் இந்தத் தூரமும், கைவண்டியும், நைனாவை எடுத்துப் போனபோது ஊரில் இல்லாததும் எதற்கு என்று தெரியவில்லை. நைனாவுக்காவது தறி கையெட்டும் இடத்தில் இருந்தது, ஒரு துண்டை ஒட்ட முடிந்தது.

படிவத்தை அப்படியே வரி அலுவலகத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். கற்பகத்தின் வேலை பற்றி அதில் எழுதியிருப்பதால் சலுகை குறையும். குறையட்டும், அது என் தங்கை உழைப்பு.

6

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் போட்டேன். கற்பகம்தான் எடுத்தாள். அம்மா சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. செமஸ்டர் பற்றிப் பேசினாள், கம்மாளத் தெருவில் புதிதாக வந்த கடையைப் பற்றிப் பேசினாள். கண் ஏன் எரியுது என்று தெரியவில்லை, கண்ணாடி போட வேண்டுமோ என்னவோ என்று சிரித்தாள். எனக்குத் தெரிந்தது. நாளெல்லாம் கட்டம் கட்டமாகப் பார்த்தால் எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது.

வெள்ளரிக்காய் நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்டேன்:

"இந்த செமஸ்டர் ஃபீஸ் கட்டிட்டியாம்மா?"

"கட்டிட்டேண்ணா," என்றாள். கொஞ்சம் விட்டு, "நீ அனுப்பினதுலதான்" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த வாரம் முதல் இந்தக் கேள்விக்கும் இடம் இருக்காது. போதுமா, இன்னும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். போதும்ணா, தாராளமா இருக்குது என்றாள். என் வேலை எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது, நன்றாக இருக்கிறது, சனிக்கிழமையெல்லாம் ஓய்வுதான் என்றேன். ஸ்வெட்டர் போட்டுக்கினு இருண்ணா என்று மட்டும் சொன்னாள்.

நேற்று மறுபடி சனிக்கிழமை. தாள் கட்டு வாங்கும் வரிசையில் யூலியா எனக்கு முன்னால் நின்றாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்தியாவில் இருக்கிற உன் தங்கைக்கு நீதான் படிப்புச் செலவு கட்டுகிறாயாமே, உண்மையா என்று கேட்டான்.

தாள் கட்டை எடுத்து வண்டியில் வைத்தேன்.

"ஆமாம்," என்றேன். "முழுக்க நான்தான் கட்டுகிறேன்."